இன்னும் பதினான்கு பக்கங்கள்

ரொசாரியோ, ஞாயிறு

என் பிடிவாதக்காரிக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதே. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். காரணத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

கணினி வலைக்குள் குடியேறப் போகும் திருடியைப் பற்றிய நாவல் ஞாபகமிருக்கிறதா? நம் வாசகர் வட்டத்தில் ஆறு பேருக்கும் ஒரே ஒளிநகல். மாத்தே பானக் குவளையோடு அதுவும் கைமாறும். படித்தவர்கள் கடைசித் தாளின் பின்பக்கம் கருத்து எழுத வேண்டும். திருடி அந்த வலையின் கதவில் கை வைத்ததும் கதை நின்றுவிடும். "இதைவிட அழகான முடிவு கிடையாது" என்று நீ எழுதினாய். அதன் கீழே நான் "சுத்த ஏமாற்று" என்று எழுதினேன்.

"உனக்கு எல்லாத்தையும் ஊட்டி விடணுமாடி?" என்றாய்.

"எதையும் பாதியில விடுறவளுக்கு இதுதான் பிடிக்கும்," என்றேன்.

நீ கல்லூரிப் படிப்பை விட்டிருந்த நேரம். அதைத்தான் குத்திக் காட்டினேன். அடுத்த மாதம் என்னிடம் சொல்லாமலே மொண்டெவிடியோ போய்விட்டாய். முப்பது வருஷம் ஆகிறது.

போன வாரம் பழைய புத்தகக் கடையில் அச்சுப் பிரதி கிடைத்தது. மகள் புரட்டிவிட்டு, "அம்மா, கதவுக்கு அப்புறம் இன்னும் பதினாலு பக்கம் இருக்கும்மா!" என்றாள்.

அன்றைக்கு நகல் எடுத்தது நான்தான். கடை மூடுகிற அவசரத்தில் கடைசித் தாள்களை விட்டுவிட்டிருக்கிறேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? அந்தப் பக்கங்களை வாசிக்க மகளை நான் விடவில்லை. இனி யாராவது வாசித்துக் காட்டினால்தான் எனக்குப் புத்தகம். நீ வந்து வாசி. மெதுவாக வாசி, நடுநடுவே உன்னோடு சண்டை போட வேண்டும்.

இப்போதும் அதை ஏமாற்று என்றே சொல்கிறவள்