அப்பாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

போன இடத்திலாவது முட்டிவலி இல்லாமல் இருக்கிறீர்களா? கலஹாத் தோட்டத்தில் மழை விடவில்லை. நம் லயத்துக் கூரை வழக்கம்போல அடுப்படியில் ஒழுகுகிறது.

அந்தக் கூரைக்குத் தகரம் தருகிறேன் என்று பாலா அண்ணன் ஆள் அனுப்பியபோது வேண்டாம் என்றீர்கள். ஊருக்கே உதவுகிற மனுசனிடம் இந்தக் கிழவனுக்கு என்ன வீம்பு என்று உங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டேன். நீங்கள் ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டுப் படுத்துவிட்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை வெளியே எடுக்க நாயாய் அலைந்தேன். பாலா அண்ணன் ஒரே ஒரு போன் போட்டார், வேலை முடிந்தது. அந்தப் போனை எடுத்தவரின் தம்பியை ஒருமுறை பொலிசிலிருந்து மீட்டுக் கொடுத்தவராம் இவர். அந்தத் தம்பியை விட்டுவிட்ட பொலிஸ்காரரின் மகளுக்கு நல்ல ஸ்கூலில் இடம் வாங்கிக் கொடுத்ததும் இவர்தானாம். பிறகு கூடாரம், கதிரை, பஸ் எல்லாம் வந்து இறங்கின. காசை நீட்டினேன்.

"என்ன தம்பி, நம்ம வீட்டுச் சாவுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?" என்று என் கையை மடக்கிவிட்டு, உங்கள் பெட்டிக்கு முன்னால் வந்து தோள் கொடுத்தார். நன்றியில் அழுதேன் அப்பா.

கருமாதிச் சோறு சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் கேட்டார். "நாளைக்கு ஒங்க ஸ்கூல் வேன்ல ஒரு பேக் ஏத்துவாங்க தம்பி. பேராதனையில எடுத்துக்குவாங்க. புள்ளைங்க இருக்கிற வேன பொலிஸ் நிப்பாட்டாது பாருங்க."

உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால்தான் தெரியுமா? கீழ் லயத்துப் பையன்கள் போதைத்தூள் அடித்துச் சுருண்டு கிடப்பதைத் தினமும் பார்க்கிறேனே. அப்பனின் பெட்டியைச் சுமந்தவரிடம் எந்த வாயால் மாட்டேன் என்பது? ஏற்றிக்கொண்டேன். முதலாம் ஆண்டு படிக்கும் சின்னப்பிள்ளை தர்ஷினி, கால் தரைக்கு எட்டாமல் அந்தப் பையின் மேல் சப்பாத்துக் காலை வைத்தபடி வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். என்னை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

நேற்று மறுபடி ஆள் வந்தது. திங்கட்கிழமை இன்னொரு பை. அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "முடியாதுன்னு சொன்னா ஊரே நம்மள ஒதுக்கிரும்மா. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா தோள் குடுக்கக்கூட ஆள் வராது."

அம்மா வாளித் தண்ணீரை வெளியே ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நான் எப்படியோ போய்ச் சேந்துக்குவேன். ஒங்கப்பா இந்த ஒழுகுற கூரைக்குக் கீழ நல்லா தூங்குனாருடா. நீதான் தூங்க மாட்டேங்குற."

இன்று காலை பாலா அண்ணனின் கடைக்குப் போய் முடியாது என்று நேரிலேயே சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "அப்பாவ தூக்கினது மறந்துருச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"மறக்கலண்ணே" என்றேன். திரும்பி நடந்தேன். இனி என்ன செய்வாரோ?

திங்கட்கிழமை என் வேனில் பிள்ளைகளின் பைகள் மட்டும்தான் போகும், இது உங்களுக்குச் சத்தியம். நாளைக்கு அம்மாவின் பெட்டியை நான் ஒருவனே சுமக்க வேண்டி வந்தாலும் சுமப்பேன்.

உங்கள் வீம்பில் பங்கு கேட்டு நிற்கும்,
மூத்த மகன்