குப்பையில் போட்ட கிரீம்

தேசம்மா,

எறா தொக்கு சட்டியில கீது, சாவி கரண்ட் பெட்டி மேல.

நேத்து நீ குப்பையில கடாசுன ட்யூபைக் கழுவி கண்ணாடியாண்ட வச்சிருக்கேன். அது வெள்ளையாக்குற கிரீம் இல்ல, வெயிலுக்குப் பூசுறது. "இத்தினி வருசம் கயிச்சு இப்பதான் நான் கறுப்புன்னு தெரிதா"ன்னு கத்துன, என்னைப் பேசவே வுடல.

நாள் பூரா வெயில்ல கருவாடு திருப்புற. உன் கன்னத்துப் புண்ணு மூணு மாசமா ஆறல. நீ தூங்கச்சொல்ல அதைப் போட்டோ புடிச்சு டாக்டராண்ட காட்டுனேன். ஒடனே நேர்ல பாக்கணும்னாரு. சாயங்காலம் அஞ்சுக்குப் போறோம், கருவாட்டை உங்க அண்ணி பாத்துக்கும்.

கிரீம் வாசனை கருவாட்டுல ஏறாது. மோந்து பாத்துதான் வாங்குனேன்.

– அருள்

நானும் மூஞ்சியில அப்பிகினுதான் ஹார்பருக்குப் போறேன். லோடு ஏத்துறவனுங்க சிரிப்பானுங்க. சிரிக்கட்டும். எனக்கு அந்தப் புண்ணு ஆறணும்.