குடையோடு உயர்ந்த கை

அண்ணே,

இன்றைக்கும் மழை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஊருக்கு மேற்கே சிலிபின் பக்கம் வானம் கறுத்தது. வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தச் சொல்ல வேண்டியதே இல்லை. தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தால் இந்தப் பள்ளிக்கூடத்தில் யார் என்ன கத்தினாலும் காதில் விழாது என்று அவர்களுக்குத் தெரியும். வாயை மட்டும் அசைத்து ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஆணியில் தொங்கும் உங்கள் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈரக் காற்று பட்டால் அந்தக் குடைத் துணியிலிருந்து இன்னமும் புண்ணாக்கு வாசனை வருகிறது. வண்டிமாடுகளுக்குத் தீனி வைத்துவிட்டுக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் நீங்கள். காரியம் முடிந்த மறுநாள் அண்ணி அதை என் கையில் கொடுத்தார். “இது வீட்டுல தொங்குனா அவரு உள்ள இருக்குற மாதிரியே இருக்கு. குரல் குடுத்துட்டுப் பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறேன். நீ எடுத்துக்கிட்டுப் போ தங்கச்சி” என்றார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது நான் காத்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒரே ஒரு கேள்விதான். போர்டு ஆபீஸ் மாடியில் அன்றைக்கு நீங்கள் கையைத் தூக்கினீர்களா, இல்லை கை தானாக உயர்ந்துவிட்டதா? எத்தனை தடவை யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் கையால் இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது. அதே கையால் என் வீட்டுக்காரர் வீட்டை விட்டுப் போனார். நான் யாரிடம் கோபித்துக்கொள்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் நீங்கள். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் பாதிப் பேரை வெளியே அனுப்பியபோது ஈப்போவுக்கு வந்து, இரவல் மாட்டைப் பூட்டி ரோட்டுக்குக் கல் அடித்தீர்கள். கொஞ்ச வருஷத்தில் வண்டிகளுக்குச் சொந்தக்காரர் ஆனீர்கள். ஆனால் சண்டை தீர்க்க, சாவு வீட்டுக்கு, கல்யாண வீட்டுக்கு என்று எதற்குக் கூப்பிட்டாலும் வருகிற பழைய ஆளாகவேதான் இருந்தீர்கள். அதனால்தான், திருவிழாச் செலவும் லைசென்சும் பற்றிப் பேசுகிற கமிட்டிக்கு இனத்துக்கு ஒருவர் வரலாம் என்று ஊர் நிர்வாகம் பார்க்கிற போர்டு முடிவு செய்தபோது எல்லாரும் உங்களைக் கை காட்டினார்கள். இந்தியர் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. பாசார் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் அதைக் கேட்டுவிட்டு, “அந்த நாற்காலியில நாங்களும் உண்டா, இல்ல எங்களுக்குத் தரையா?” என்று வம்புக்கு இழுத்தார். நீங்கள் சிரித்துக்கொண்டே, “நீங்க உக்காருங்க பாய், நான் நின்னுக்கிறேன்லா. வண்டிக்காரனுக்கு நின்னுதானே பழக்கம்” என்றீர்கள். அவரே பிறகு உங்களுக்குப் புதுச் சட்டைத் துணி கிழித்துக் கொடுத்து அனுப்பினார்.

அந்த வருஷம் கமிட்டிக்கு இரண்டு விண்ணப்பங்கள் போயிருந்தன. ஒன்று நான் எழுதியது. கோயிலுக்குப் பின்னால் இருந்த நம் பள்ளிக்கூடத்துக்கு அப்போது அத்தாப்புக் கூரை. மழை பெய்தால் ஓலை இடுக்கு வழியாக ஒழுகும், பிள்ளைகள் சிலேட்டைத் தலைமேல் கவிழ்த்துக்கொள்வார்கள். போர்டு உதவி செய்தால் தகரம் போடலாம் என்று கேட்டிருந்தேன். மற்றது ஒரு தவுக்கே, சீன முதலாளி, போட்டது. சீனப் பெருநாளுக்கு ஊரின் அந்தக் கோடியில் சூதாட்டக் கொட்டகை போட அனுமதி உண்டல்லவா, அதுபோல நம் தீமிதி நாட்களிலும் கோயில் திடலுக்கு எதிரில் போட வேண்டும் என்று கேட்டிருந்தார். போர்டு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லை, கொட்டகைக்கு லைசென்ஸ் கொடுத்தால் அந்தப் பணத்தில் கூரை போடலாம் என்றார்கள். சாமியும் சூதும் சிலேட்டும் ஒரே தீர்மானத்தில். படிக்கும்போதே எனக்குத் தலை சுற்றியது.

என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். ரயில் பட்டறை வேலை. குழம்பில் உப்புக் கூடினால்கூடச் சொல்லத் தயங்கி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மனிதர். கொட்டகை போட்டுவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் மட்டும் வேறு ஆள். பகடை உருளுகிற இடத்திலிருந்து அவரை இழுத்து வர யாராலும் முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஊரின் மறு கோடியில் என்று இருந்ததால் எப்படியோ குடித்தனம் ஓடியது. அது எங்கள் வாசலுக்கே வரப்போகிறது என்றார்கள். உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் வண்டி அச்சுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

“வேணாம்னு சொல்லிருவேன் தங்கச்சி. நம்ம சாமி திருநாள்ல இது எதுக்கு? நீ தைரியமாப் போ.”

“அப்ப கூரை, அண்ணே?”

“நனையட்டும்லா. புள்ளைங்க என்ன உப்பா, கரைஞ்சு போறதுக்கு?”

இவ்வளவும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. குழப்பமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டத்துக்கு அழைத்துப் போனீர்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கதவோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீள மேசையைச் சுற்றித் துரை, தவுக்கே, மலாய்க்காரப் பெரியவர், நீங்கள். குடையைக் கீழேயே வைக்கச் சொன்னார்கள். யாராவது மாற்றி எடுத்துவிடுவார்கள் என்று நீங்கள் விடவில்லை, கையிலேயே பிடித்திருந்தீர்கள். துரை இங்கிலீஷில் வாசித்துக்கொண்டே போனார். மொழிபெயர்க்க வந்த ஆபீஸ் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக் கிராணி, உங்கள் காதருகே குனிந்து, முன்னால் பேசிய சாக்கடை விவகாரத்தையே இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் துரை ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மலாய்க்காரப் பெரியவர் லேசாகக் கை உயர்த்தினார். தவுக்கே உயர்த்தினார். அடுத்து உங்கள் பெயர்.

நீங்கள் விறைப்பாக எழுந்து நின்று, குடையோடு கையைத் தலைக்கு மேல் தூக்கி, “ஐயா!” என்றீர்கள்.

எனக்கு உடனே புரிந்தது. பெரட்டு! விடிவதற்கு முன்னால் தோட்டத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பற்றி எத்தனை தடவை எங்களிடம் நடித்துக் காட்டியிருக்கிறீர்கள். பெயர் காதில் விழுந்ததும் பால் வெட்டும் கத்தியோடு கையைத் தூக்க வேண்டும் என்பது உங்கள் தோட்டத்து வழக்கம். ஆளும் வந்திருக்கிறான், ஆயுதமும் வந்திருக்கிறது என்று துரை பார்க்க வேண்டும். கத்தி இல்லாமல் கையைத் தூக்கினால் அரைப்பேர்தான், பாதிக் கூலி. பெயரைக் குறித்துவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகியும், துரை பெயரைக் கூப்பிட்டதும் உங்கள் கை பெரட்டுக் களத்துக்கே போய்விட்டது. துரை குடையைப் பார்த்துப் புன்னகைத்தார். எதிரில் இருந்த காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்குக் குழப்பமே இல்லை. பழக்க தோஷம், பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று விட்டிருப்பேன். ஆனால் உங்கள் கை மேலே இருக்கும்போதே கிராணியின் தமிழ் வந்து சேர்ந்துவிட்டது. “அண்ணை, இது சூதுக் கொட்டகைக்கும் பள்ளிக்கூடக் கூரைக்கும் சேர்த்து. சம்மதம் எண்டாத்தான் கை தூக்க வேணும்” என்று அவர் சொன்னது என் பெஞ்சு வரைக்கும் கேட்டது. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். குடை அப்படியே நின்றது. இறக்கவும் இல்லை, ‘வேண்டாம்’ என்று சொல்லவும் இல்லை. அந்த ஒரு நிமிஷம் நீங்கள் என்ன நினைத்தீர்கள் அண்ணே? குறித்த பிறகு பேசக்கூடாது என்ற தோட்டத்துப் பயமா? சிலேட்டைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளா? என் முகத்தில் என்ன தெரிந்தது உங்களுக்கு? கூரை வேண்டும் என்கிற ஆசை என் முகத்திலும் இருந்திருக்குமோ என்றுகூட நினைத்துப் பார்க்கிறேன்.

படியிறங்கி வந்ததும், “மழ வரும்போல. போலாம் தங்கச்சி” என்று குடையை விரித்தீர்கள். பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முகம் தெரியாமல் அதற்குள்ளேயே வீடு வரைக்கும் நடந்தீர்கள். நான் வெயிலில் பின்னாலேயே வந்தேன்.

கூரை வந்தது, கொட்டகையும் வந்தது. முதல் வருஷம் என் வீட்டுக்காரர் தீமிதி முடிந்து மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். அடுத்த வருஷம் திரும்பவே இல்லை. சித்தியவானில் மீன்படகு வேலை செய்வதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரு தடவை யார் மூலமோ ஒரு கட்டுக் கருவாடு கொடுத்தனுப்பினார். ஒரு வார்த்தை கூட அதோடு வரவில்லை. அதை என்ன செய்வது? தூக்கி எறிய மனசில்லை, வைத்துக்கொண்டால் வீடெல்லாம் நாற்றம். கடைசியில் குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறதே என்றுதான் உட்கார்ந்து அழுதேன்.

இந்தப் பக்கம் பார்த்தால், ஒழுகாத பள்ளிக்கூடம் என்றதும் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்துகூடப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். ராவுத்தரின் மகள்கள் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்கள். உங்களை நன்றாகத் திட்ட வேண்டும் என்று உட்காருவேன். நிமிர்ந்தால் தலைக்கு மேல் உங்கள் கூரை. திட்டு பாதியிலேயே நின்றுவிடும்.

கடைசியாக நீங்கள் இங்கே வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சலில் பாதியாக இளைத்துப் போயிருந்தீர்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, “தங்கச்சி, அன்னிக்குப் போர்டுல அந்தக் கை இருக்குல்ல...” என்று ஆரம்பித்தீர்கள். அந்த நேரம் பார்த்துக் கொட்டியது மழை. தகரம் அதிர்ந்தது. நீங்கள் நிறுத்தவில்லை. உங்கள் உதடு அசைவதைப் பார்த்தேன். ஒரு தடவை குடையைத் தூக்கிக் காட்டினீர்கள். ஒரு தடவை கூரையைக் காட்டினீர்கள். ஒரு தடவை என்னை. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன். முடியாதவர் மூச்சு வாங்கப் பேசுகிறாரே, மறுபடி சொல்ல வைக்க வேண்டாம் என்றுதான் ஆட்டினேன். உங்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! சிரித்தீர்கள். “வாரேன்” என்று உதடு அசைந்தது, அது மட்டும் புரிந்தது. மழையிலேயே இறங்கிப் போனீர்கள். பிறகு நீங்கள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

நான் எதற்குத் தலையாட்டினேன் அண்ணே? தெரிந்தே தூக்கினேன் என்றீர்களா, தெரியாமல் தூக்கினேன் என்றீர்களா? என்னை மன்னித்துவிடு என்றீர்களா, நான் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லையே என்றீர்களா? எதுவாக இருந்தாலும் நான் சரி என்று சொல்லியாகிவிட்டது. விஷயம் வந்து சேருவதற்கு முன்னால் நீங்கள் கையைத் தூக்கினீர்கள். விஷயம் வந்து சேராமலேயே நான் தலையை ஆட்டினேன்.

நாளைக் காலை கமிட்டி மறுபடி கூடுகிறது. கொட்டகை லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு அறை வேண்டும். இரண்டையும் பழையபடி ஒரே முடிச்சாகத்தான் போட்டிருக்கிறார்கள். உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. “டீச்சரம்மா போகட்டும்” என்று முதலில் சொன்னது ராவுத்தர்தான். பொம்பள போய் உக்காரவா என்று கோயில் வாசலில் சிலர் முணுமுணுத்தார்கள். “பெண் இருக்கக் கூடாதெண்டு சட்டத்தில ஒண்டும் இல்லை” என்று கிராணி வாயை அடைத்துவிட்டார். பெற்றோர்கள் வந்து, “புள்ளைங்க நெருக்கிக்கிட்டு உக்காருதுங்க, பாத்து செய்யுங்க டீச்சரம்மா” என்கிறார்கள். அதே வீட்டுப் பெண்கள் பின்வாசல் வழியாக வந்து, “கொட்டாய் மட்டும் வேணாம் அக்கா” என்கிறார்கள். இரண்டு பக்கமும் தலையாட்டி அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யப்போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

உங்கள் குடையை எடுத்துக்கொண்டுதான் போவேன், மழைக்காலம். ஆனால் அதை மேசைக்குக் கீழே, காலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். துரை என் பெயரைக் கூப்பிடுவார். கையையும் தூக்க மாட்டேன், தலையையும் ஆட்ட மாட்டேன். அன்றைக்கு இந்தக் கூரைக்குக் கீழே உங்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்: “எனக்குக் கேக்கலங்க. இன்னொரு தடவ சொல்லுங்க.”