காலி காலேஜில் பார்த்த ஒத்திகை

என் செல்லப் பெரியவளுக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்க எல்லாருக்கும் உடம்பு நல்லாத்தான் இருக்கு, மனசு எப்படின்னு மட்டும் கேக்காதே. உன் தம்பி காலேஜ் போக ஆரம்பிச்சதுலேருந்து எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.

அவனுக்கு எதையும் முன்னாடியே காட்டிடணும்னு உனக்குத் தெரியுமே. அதனால லீவுலயே நானும் அவனும் தினமும் காலேஜுக்குப் போய் ஒத்திகை பார்த்தோம். கேட்டுல நுழையறது, படிக்கட்டு ஏறறது, வகுப்புல கதவோரமா உக்காரறது, கேன்டீன்ல தட்டு எடுக்கறது எல்லாம். வாட்ச்மேன் கூட, அம்மாவுக்கும் சீட்டு கிடைச்சிருச்சான்னு கேலி பண்ணார். அவனுக்கு எல்லாம் மனப்பாடம், நானும் அப்பாடான்னு இருந்துட்டேன். காலேஜ் திறந்தா அங்க ஆளுங்க வருவாங்கங்கற சின்ன விஷயம் இந்த மரமண்டைக்குத் தோணவே இல்லடி! முதல் நாளே மைக் செட்டு அலறுது, திருவிழாக் கூட்டம், வகுப்பை வேற மாடிக்கு மாத்திட்டாங்களாம். இவன் மட்டும் பழைய அறை வாசல்ல காதைப் பொத்திக்கிட்டு நின்னிருக்கான், கூப்பிட்டும் நகரல.

அங்க உதவி மையம்னு ஒண்ணு இருக்கு, ஆட்டிசம் இருக்கற பிள்ளைங்களையும் அவங்கதான் பாத்துக்கறாங்க. அந்த மையத்து டீச்சர் ஒருத்தங்க வந்து ஒரு வார்த்தை பேசாம இவன் பக்கத்துல தரையில உக்காந்திருக்காங்க. ரொம்ப நேரம் கழிச்சு இவனே பேசியிருக்கான். அறை மாறினா முந்தின நாளே மெசேஜ் வரணும், கூட்டம் வர்றதுக்கு முன்னாடி நான் உள்ள போகணும்னு. அப்புறம், அம்மாவைக் கூப்பிட வேண்டாம்னு. இதையெல்லாம் அவனே வீட்டுக்கு வந்து சொன்னான், ஏதோ பஸ் லேட்டுங்கற மாதிரி. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு!

மனசு கேக்காம மறுநாள் நம்ம தையல் கடையைச் சாத்திட்டு அந்த டீச்சரைப் பார்க்கப் போனேன். காபி எல்லாம் கொடுத்து நல்லாத்தான் பேசினாங்க, ஆனா அவன் சம்மதிக்காம அவனைப் பத்தி எதுவும் சொல்ல முடியாதாம். பெத்தவளுக்கே பர்மிஷனான்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வீட்டுக்கு வந்து உங்க அப்பாகிட்ட கத்தினா, அவர் சட்டைக்குப் பட்டன் தேடிக்கிட்டே, உனக்கு அழறதா சிரிக்கறதான்னே தெரியல, இல்லையான்னு கேக்கறார். அந்த மனுஷனுக்கு என்னைக்காவதுதான் உண்மை வாயில வரும்.

அந்த முதல் நாளுக்கு அப்புறம் அவன் காலேஜுக்குப் போகல. தொடரலாமா நிறுத்திடலாமான்னு திங்கட்கிழமை அந்த மையத்துல உக்காந்து பேசணும். நான் வரலாம்னு சொல்லிட்டான், ஆனா ஒரு நிபந்தனை. அவன் எவ்வளவு நேரம் சும்மா இருந்தாலும் அவனுக்குப் பதிலா நான் பேசக் கூடாதாம். வாயாடின்னு பேர் வாங்கினவகிட்ட இதைப் போய்க் கேக்கறான் பாரு.

நேத்து கடையில, தைக்கக் கொடுத்த திரைச்சீலையை வாங்க வந்த ஒரு அம்மா அவன்கிட்ட என்ன படிக்கறேன்னு கேட்டாங்க. நான் பாதி வாயைத் திறந்துட்டேன். அவன் என்னைப் பார்த்தான். மூடிக்கிட்டேன். அந்தம்மா கையைப் பிசையறாங்க, மிஷினும் நின்னுபோச்சு, எனக்கு நாக்கு நமநமங்குது. கடைசியில, கணக்கு, அறையை மாத்தினாலும் கணக்கு மாறாதுன்னான். அந்தம்மா சிரிச்சுட்டாங்க, அவனும் லேசாச் சிரிச்சான். நான் துணி எடுக்கற மாதிரி உள்ள போய் அழுதுட்டேன். சந்தோஷமா துக்கமான்னு இன்னும் தெரியல. இத்தனை வருஷமா அவனுக்குப் பேச வரலையா, நான் இடமே கொடுக்கலையா? திங்கட்கிழமை அவன் வாயே திறக்கலைன்னா? வேண்டாம்னு சொல்லிட்டா? சும்மா இருக்கறது உதவியா, கைவிடறதா, நீயாவது சொல்லுடி.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோட வேலைப் பேச்சைப் படுக்கை வரைக்கும் கொண்டு வராதீங்க. ரெண்டு பேரும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருக்கணும். ஒண்ணு மறக்காதே, தம்பிகிட்ட பேசணும்னா இனிமே அவன் நம்பருக்கே போடு, எனக்குப் போட்டு அவன்கிட்டக் கொடுன்னு சொல்லாதே. அவன் என்ன சொன்னான்னு நான் கேட்டாலும் சொல்லாதே. கெஞ்சிக் கேப்பேன், அப்பவும் சொல்லாதே. அவன் சொல்லலாம்னு சொன்னா மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
வாயை மூடப் பழகிக்கிட்டிருக்கற உன் அம்மா