இந்த முறை நாங்கள் வருகிறோம்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் வலிகூட இரண்டு நாளாகக் காணோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பஸ் ஓட்டும் கடைசி நாளில் குட்டியோடு வந்து முன் சீட்டில் உட்காருவேன் என்று நீ டிக்கெட் போட்டுவிட்டாய், அதற்குள் அந்த நாட்டில் தங்குவதற்கான உன் நிரந்தர வசிப்புரிமை அட்டை காலாவதியாகி, புதிது கைக்கு வராமல் இருக்கிறது. பாஸ்போர்ட் புதுப்பித்தாயிற்றே, கிளம்பி வந்துவிடுகிறேன், திரும்புவதை அப்புறம் பார்த்துக்கலாம்ப்பா என்றாய், நானும் ஆசையில் வா என்றுவிட்டேன். மறுநாள் காலை நம் வண்டியில் தினமும் ஏறும் டிராவல்ஸ்கார அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் டிக்கெட் வாங்கக்கூட மறந்து என் பக்கத்திலேயே நின்றுவிட்டார். பாஸ்போர்ட் இருந்தா இங்க வந்துடலாம் சார், திரும்ப ஏறப்போறப்ப அந்த அட்டையை இல்ல கேப்பாங்க, குட்டிக்கு அந்த நாட்டு பாஸ்போர்ட், அது ஜம்முன்னு போயிடும், தாய்க்காரி இங்க நிப்பா என்றார். அவரிடம் டிக்கெட் எடுத்த ஒருவர் இப்படித்தான் அவசரமாக வந்து, திரும்பிப் போவதற்கான பயணப் பத்திரம் கிடைக்கும்வரை இங்கேயே காத்துக் கிடந்தாராம், போய்ச் சேர்ந்தபோது அவர் வேலையில் வேறு ஆள் இருந்தானாம். குட்டிக்கு இங்கே வர விசா எடுத்தீங்களா என்று வேறு கேட்டார், எனக்கு ஸ்டியரிங்கே வழுக்கியது. அதனால்தான் அன்று போன் போட்டு, வராதே என்று கறாராகச் சொன்னேன். நீ கோபத்தில் பட்டென்று வைத்துவிட்டாய். எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை.

அம்மாதான் பாத்திரம் கழுவிக்கொண்டே, அவ வர முடியலைன்னா நாம போனா ஆகாதா என்றாள். இத்தனை வருஷம் ஊரையே ஏற்றி இறக்கியவனுக்கு இது தோன்றவில்லை பார். மறுநாளே இரண்டு பேரும் பாஸ்போர்ட் ஆபீசில் போய் நின்றோம். போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது என்றார்கள், அம்மாவுக்கு அதைக் கேட்டதும்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அந்தப் பெண் நாலு தடவை எடுத்தாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் பக்கத்து வீட்டில் என் நடத்தையைக் கேட்டாராம், அந்த வீட்டுக்காரர், கையைக் காட்டினா ஸ்டாப் இல்லாத இடத்துலயும் நிறுத்துவார் என்று சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை கடைசி டிரிப் ஓட்டினேன். உனக்கென்று வைத்திருந்த முன் சீட்டில் அம்மா உட்கார்ந்தாள், கண்டக்டர் காசு வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் முழு டிக்கெட் எடுத்தாள். டெப்போவில் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் தபால்காரர் நிற்கிறார், கையில் இரண்டு பாஸ்போர்ட். கையெழுத்து வாங்கிக்கொண்டே, எந்த ஊருக்கு சார் என்றார். பேத்தி ஊருக்கு என்றேன்.

நீ இப்போது செய்ய வேண்டியது, புது அட்டை வந்ததும் அதன் நகலும் ஓர் அழைப்புக் கடிதமும் அனுப்பு, எங்கள் விசாவுக்கு வேண்டுமாம். எங்கள் பெயர் எழுத்தை பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே போடு, ஓர் எழுத்து கூடினாலும் வம்பு. மற்ற விதிகளை அங்கேயே விசா ஆபீசில் நேரில் கேட்டுக்கொள், யார் சொன்னதையும் நம்பாதே, என்னையும் சேர்த்துத்தான். அட்டை தேதியை இனிமேல் மாப்பிள்ளையும் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

அம்மா இப்போதே பெட்டி அடுக்கிவிட்டாள். விசாவே இன்னும் கேட்கவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்றேன். பெட்டிக்கு விசா வேண்டாங்க என்று சொல்லிவிட்டு, மூட முடியாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து இருங்கள். குட்டியிடம் தாத்தா நேரில் வருகிறார் என்று சொல்லிவை, போனில் பார்த்த முகம்தான், பயப்பட வேண்டாம்.

உன்னைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருக்கும்,
அப்பா