ரோலரை நிறுத்தும் விதம்

தெஹியோவிட்ட,
ஜூன் 14, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு விஜயகலா எழுதுவது.

பிள்ளை சுகம். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்று இதை எழுதுகிறேன். மெக்கானிக் ஸஹாப்தீன் நானா படம் பிடித்து அவர் போனிலிருந்து அனுப்புவார்.

உங்கள் தம்பி காத்தமுத்துவுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. உயிருக்குப் பயமில்லை. உட்கார்ந்துகொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

கொரியாவில் நீங்கள் வேலை செய்யும் கம்பனியிலிருந்து எங்கள் இறப்பர் பெக்டரிக்கு ரோலர் மெஷின் வந்ததல்லவா. கை கிட்டே போனாலே தானாக நின்றுவிடும் என்று நீங்கள் சொன்னதை நம்பி, தம்பியை அதில் நிற்கச் சொன்னதே நான்தான். திங்கட்கிழமை காலை இறப்பர் பாளத்தைத் தள்ளும்போது விரல் மாட்டியது. மெஷின் நிற்கவில்லை. சிவப்பு சுவிட்சை அடித்தேன். அப்போதும் நிற்கவில்லை. எலும்பு நொறுங்கும் சத்தம் மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்டது.

மெயின் சுவிட்சும் கம்பனிக்காரர்கள் பூட்டிப்போன பெட்டிக்குள். நானா இரும்புக் கம்பியோடு ஓடிவந்தார். மனேஜர் குறுக்கே நின்று, பெட்டியை உடைத்தால் கேரண்டி போய்விடும், கொழும்பிலிருந்து ஆள் வரட்டும் என்று அவரைப் பிடித்துத் தள்ளினார்.

தம்பி என்னைப் பார்த்து, "அண்ணி, கைய வெட்டிருங்க" என்றான்.

விறகுக் கோடாலியை எடுத்தேன். அவன் கையில் போட முடியவில்லை. பெட்டியில் போட்டேன், நான்கு தடவை. நெருப்புப் பறந்து ரோலர் நின்றது. திரும்பி, கோடாலிக் காம்பால் மனேஜரின் வாயில் அடித்தேன். அவர் விழுந்த பிறகும் அடித்தேன். உங்களிடம் அதை மறைக்க மாட்டேன். பொலிஸில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். முதுகு இன்னும் வீங்கியிருக்கிறது.

உடைந்த பெட்டிக்குள் சிவப்பு சுவிட்சின் வயர் எதிலும் இணைத்துப் பூட்டாமல், டேப் சுற்றிக் கிடந்ததாம். மெஷினை நிறுத்தும் பாகத்துக்குத் தனி விலையாம். நம் நாட்டுக்கு அது இல்லாமலேயே விற்றிருக்கிறார்கள், இங்கே உள்ளவர்களும் அப்படியே வாங்கியிருக்கிறார்கள். நேற்றுப் புதுப் பெட்டி வந்துவிட்டது. அதை மெஷினில் பூட்ட வந்த கம்பனிக்காரர் நானாவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வருகிற திங்கட்கிழமை மெஷின் மறுபடி ஓடும். தம்பியின் இடத்தில் அவன் பெண்சாதி சுகந்தினி நிற்கப் போகிறாள். வேண்டாமென்று காலைப் பிடித்துச் சொன்னேன். பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்று கேட்டாள்.

அங்கே பார்ப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பாகம் இல்லாமலேயே சிவப்பு சுவிட்ச் வேலை செய்ய, அந்த வயரை எங்கே, எப்படிப் பூட்டுவது என்று நானாவுக்கு வரைந்து அனுப்புங்கள் அத்தான். அதற்காக வேலையை விட்டுத் துரத்தினால் வந்துவிடுங்கள். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

பிள்ளையார் உங்களுக்குத் துணை இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

உங்கள்,
விஜயகலா