‘நாங்கள்’ என்று வரும் இடங்கள்

மார்ச் 4

அன்புள்ள பேனாக்காரருக்கு,

நலமா என்று கேட்டால் "ஓடிக்கிட்டிருக்கேன்" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. போன் போட்டால் உங்கள் பக்கத்தில் எப்போதும் நாலு பேர். அதனால் கடிதம்.

உங்கள் வேட்பாளரின் பேச்சை அச்சடித்து என் மேசையில் போட்டுவிட்டு, "வார்த்தை வார்த்தையா அலசி ஒரு கட்டுரை குடும்மா" என்றார் செய்தி ஆசிரியர். அதை எழுதிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது. ‘காத்திருக்கிறவர்களின் களைப்பு எனக்குத் தெரியும்’ என்று வருகிறதே, அது போன வருடம் நான் அழுதுகொண்டே உங்களிடம் கேட்டதல்லவா? "காத்திருக்கிறவங்க களைப்பு உங்களுக்கு என்ன தெரியும்?" கேள்விக்குறியை எடுத்துவிட்டு மேடை ஏற்றிவிட்டீர்கள். பலத்த கைதட்டலாம்.

இன்னொன்று. பாலம், பள்ளிக்கூடம் வரும் இடமெல்லாம் ‘நாங்கள் கட்டினோம்’. விலைவாசி என்றதும் ‘நாம் பொறுத்துக்கொள்வோம்’. பெருமைக்கு நாங்கள், கஷ்டத்துக்கு நாம். இதைத்தான் எழுதப் போகிறேன்.

நாம் குடியிருக்கும் வீட்டை விற்கப் போகிறார்களாம். பள்ளி விடுமுறைக்குள் காலி செய்ய வேண்டும். "எத்தனை பேருக்கும்மா வீடு?" என்றார் தரகர். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். நீங்களே சொல்லுங்கள். மூன்று பேருக்கா, இரண்டு பேருக்கா?

தூக்கம் கெட்ட,
கண்ணாடிக்காரி


மார்ச் 9

என் கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதத்தைப் பிரசார வேனில் வைத்துப் படித்தேன். குலுக்கலில் பாதி எழுத்து தெரியவில்லை. திட்டு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

நான் எல்லா இடத்திலும் ‘நாம்’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன். மேடை ஏறியதும் அவர் மாற்றிவிடுகிறார். கேட்டால், "பாலத்தை ஜனங்களாய்யா கட்டுனாங்க?" என்று என்னையே மடக்குகிறார். நான் என்ன செய்ய? உன் வரி நல்ல வரி. அதனால் எடுத்தேன்.

கட்டுரையில் கொஞ்சம் கை அடக்கி எழுது. நீ யார் மனைவி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். என் வேலைக்கு உலை வைத்துவிடாதே.

வீட்டு விஷயத்தில் அவசரப்படாதே. தேர்தல் முடியட்டும், நாம் உட்கார்ந்து பேசலாம். தொண்டை கட்டி, முதுகு விட்டுப்போய்க் கிடக்கிறேன். மகள், அந்த வாயாடி, ஒழுங்காகப் படிக்கிறாளா?

உன்,
பேனாக்காரன்


மார்ச் 15

அன்புள்ள பேனாக்காரருக்கு,

கட்டுரை வெளிவந்துவிட்டது. கை அடக்கவில்லை. கேள்விக்குறி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது ஊருக்கு எதற்கு?

‘நாம் உட்கார்ந்து பேசலாம்’ என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தரகரிடம் போய், "மூணு பேருக்குப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். வரப்போகும் வீட்டில் எந்தச் சுவர் அப்பா புத்தகங்களுக்கு என்று உங்கள் மகள் இப்போதே சட்டம் போடுகிறாள்.

எனக்கு ரொம்ப அசதியாக இருக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.

கண்ணாடிக்காரி


ஏப்ரல் 20

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

ஜெயித்துவிட்டோம்! உன் கட்டுரையால் ஒரு பாதகமும் இல்லை. அவர் அதைப் படிக்கவே இல்லையாம்.

பதவியேற்பு முடிந்ததும் நாங்கள் தலைநகருக்குப் போகிறோம். அங்கே எனக்கு அலுவலகம், தங்க அறை எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. இங்கும் அங்குமாக அலைந்து நீங்கள் இருவரும் சிரமப்பட வேண்டாம். இப்போது இருக்கும் ஊரிலேயே நல்ல வீடாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எந்தக் குறையும் வராமல் நாங்கள் பார்த்துக்கொள்வோம். என் நிலைமையை நீ புரிந்துகொள்வாய்.

பேனாக்காரன்


ஏப்ரல் 26

அன்புள்ள பேனாக்காரருக்கு,

வாழ்த்துகள். மனதாரத்தான் சொல்கிறேன்.

பழக்கதோஷம், உங்கள் கடிதத்தையும் மேசையில் விரித்து, சிவப்புப் பேனாவோடுதான் படித்தேன். ‘நாங்கள்’ என்று வரும் இடங்களில் நீங்களும் உங்கள் வேட்பாளரும் இருக்கிறீர்கள். ‘நீங்கள்’ என்று வரும் இடங்களில் நானும் மகளும். ‘நாம்’ எங்கேயாவது இருக்கிறதா என்று பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

ஓர் இடத்தில் அடித்து ‘நாம்’ என்று எழுதிவிடலாமா என்று பேனா போனது. பிழை என்றால் திருத்தலாம். எழுதியவர் நினைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்றால் கை வைக்கக் கூடாது, எங்கள் மேசையில் அதுதான் வழக்கம். போன முறை பழியை அவர் வாய்மேல் போட்டீர்கள். இது உங்கள் கையெழுத்து. பேனாவை மூடிவிட்டேன்.

அழுதேன், மறைக்கவில்லை. பிறகு முகம் கழுவிக்கொண்டு தரகரிடம் போய் மாற்றிச் சொன்னேன். மறுநாளே வீடு அமைந்துவிட்டது. ஓர் அறை, ஒரு கூடம், ஜன்னலுக்கு வெளியே பேருந்து நிறுத்தம். வாயாடி சுவரைக் கையால் அளந்து பார்த்து, "அப்பா புக்கெல்லாம் இங்க பத்தாதும்மா" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் இனி அந்தப் பட்டப்பெயரை மாற்ற வேண்டும். புத்தகங்களைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம் கொஞ்சம் குறுகல்தான். எங்களுக்குப் போதும்.

கண்ணாடிக்காரி